ரத்தினம்மாள் வேண்டாமென்ற வரி

ரத்தினம்மாள் தன் வீட்டை மகன் இளவரசுவின் பெயருக்கு எழுதிவைக்கப் போனது 2006ஆம் வருடம் ஆவணி மாதம், அவன் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்ட மறுநாள்.

வீடு கடலூரில், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வண்டிப்பாளையம் போகும் வழியில் இருந்தது. நாட்டு ஓடு போட்ட வீடு. மனை அவள் அப்பா கொடுத்தது. சுவரும் கூரையும் அவளும் புருஷன் சபாபதியும் சேர்ந்து எழுப்பியவை. சபாபதி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அதன் பிறகு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஒரே பிள்ளையை ஆளாக்கினாள். இளவரசு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். பெண் வினோதினி சிதம்பரத்துக்காரி, பி.எஸ்ஸி. படித்தவள். அவள் அப்பா எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். வீடு மாப்பிள்ளை பேரில் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

"ஒரே புள்ள, வேற யாருக்குப் போவப்போவுது? எழுதிட்டாப் போச்சி" என்று ரத்தினம்மாள் அங்கேயே சொல்லிவிட்டாள்.

பத்திரம் எழுதும் ஞானசேகரனுக்குப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு சிறிய அறை. எதையும் இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் எழுதுவார். தாயையும் மகனையும் உட்காரவைத்து விவரம் கேட்டுக்கொண்டார்.

"இதுக்கு ரெண்டு வழி இருக்குதும்மா. ஒண்ணு உயில். உயில்னா உங்க காலம் வரைக்கும் வீடு உங்களுது. நடுவுல மனசு மாறுனா மாத்தியும் எழுதலாம். உங்க காலத்துக்கு அப்புறம்தான்..."

"நிறுத்துய்யா. நேத்துதான் வாசல்ல பந்தக்கால் நட்டுட்டு வந்து உக்காந்திருக்கறேன். நீ என்னா பேச்சு பேசற?"

அவர்கள் வகையறாவில் பந்தக்கால் நட்டது முதல் பந்தல் பிரிக்கிறவரை சாவு வீட்டுக்குப் போகமாட்டார்கள். சாவுச் சேதியை வீட்டுக்குள் சொல்லவும் கூடாது. முந்தின நாள் பந்தக்கால் நட்ட பிறகுதான் மேல்பட்டாம்பாக்கத்தில் அவளுடைய சின்னம்மா இறந்திருந்தாள். சேதி கொண்டுவந்த ஆளைத் தெருமுனையிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சின்னம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கப் போகாதவள், தன் சாவைப் பற்றி ஸ்டாம்பு காகிதத்தில் எழுதவிடுவாளா?

ஞானசேகரன் இதைப் பார்க்காதவர் அல்ல. அடுத்த வழிக்கு வந்தார்.

"சரி, செட்டில்மென்ட் எழுதிக்கலாம். பதிஞ்ச அன்னைக்கே வீடு தம்பியோடது ஆயிடும். அப்புறம் திருப்பிக் கேக்க முடியாது. பதிஞ்சா பதிஞ்சதுதான். ஆனா அதுல ஒரு வரி சேத்துக்குங்க. 'என் ஆயுள் பரியந்தம் மேற்படி வீட்டில் நான் குடியிருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' எல்லாரும் போடறதுதான்."

"பரியந்தம்னா?"

"முடியற வரைக்கும்."

"எது முடியற வரைக்கும்?"

ஞானசேகரன் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

"போடட்டும்மா. ஒரு வரிதானே" என்றான் இளவரசு.

"நீ சும்மா இர்றா. நான் கட்டுன வீட்ல நான் குந்தறதுக்கு நானே பர்மிஷன் எழுதி வாங்கணுமா? ஏன், நீ என்னை வெளிய தள்ளிடுவியா?"

"சாம்பார்ல உப்பு ஜாஸ்தியானா தள்ளுவேன்."

அறையில் காத்திருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். "இவன்கிட்ட இருந்து காப்பாத்தத்தான் வரி போடறியா?" என்று ரத்தினம்மாளும் சிரித்தாள். அந்த வரி இல்லாமலே செட்டில்மென்ட் எழுதப்பட்டது. பதிவாளர், மனமொப்பித்தான் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். "பெத்த புள்ளைக்கு மனசு ஒப்பாமலா?" என்றாள். கல்யாணம் திருவந்திபுரம் மலைமேல் நடந்தது. அன்று ஏகப்பட்ட கூட்டம். முகூர்த்த மாலை மாறிப்போய் வேறொரு மாப்பிள்ளை கழுத்தில் கிடந்தது என்று சொல்லிச் சொல்லி ரொம்ப நாள் சிரித்தார்கள்.

மாமியாரும் மருமகளும் பெரிதாகச் சண்டை போட்டதில்லை. குழந்தை இல்லை என்ற ஒரு குறைதான். 2009 ஐப்பசியில், மாமனார் வீட்டுக்குப் போய்விட்டுச் சிதம்பரத்திலிருந்து மழையில் திரும்பிவந்த இளவரசு, ஆலப்பாக்கத்தைத் தாண்டி ஒரு லாரியின் பின்னால் மோதினான். வண்டி நசுங்கக்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் அவன் சட்டையை மடித்துக் கொடுத்தார்கள்.

கருமாதி முடிந்து வினோதினியை அவள் அப்பா சிதம்பரத்துக்கு அழைத்துப் போனார். தை பிறந்ததும் வாரிசுச் சான்றுக்கு மனு கொடுத்தார்கள். சான்று வந்தபின் எல்லோரும் ஞானசேகரனின் அறையில் கூடினார்கள். ரத்தினம்மாளுக்குத் துணையாக எதிர்வீட்டுக் கொளஞ்சி வந்திருந்தாள். அவள் தெருவில் மீன் விற்கிறவள். எந்தச் சபையிலும் குரலைக் குறைக்கத் தெரியாதவள்.

ஞானசேகரன் சான்றைப் படித்தார். இறந்தவர் இளவரசு. வாரிசுகள் இரண்டு பேர். மனைவி வினோதினி, தாயார் ரத்தினம்மாள்.

"தம்பி உயில் எதுவும் எழுதல. அப்படி எழுதாம போனா யாருக்குப் போவணும்னு சட்டமே வரிசை வச்சிருக்குது. சம்சாரம், புள்ளைங்க, தாயாரு. புள்ளைங்க இல்ல. அதனால வீடு ரெண்டு பேருக்கும் சரிபாதி."

ரத்தினம்மாள் சான்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எம்புள்ளைக்கு நான் வாரிசா?"

"ஆமாம்மா."

"அவன்தானே எனக்கு வாரிசு?"

"சட்டத்துல வாரிசுன்னா சின்னவங்க பெரியவங்கன்னு இல்லம்மா. போனவங்களுக்குப் பின்னால யாரு இருக்கறாங்களோ அவுங்கதான்."

"எனக்கு வேணாம். என் பாதியையும் அந்தப் பொண்ணுகிட்டயே குடுத்துடு."

கொளஞ்சி எழுந்தே விட்டாள். "யக்கா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? மொத்த வூடும் உன்னுதாதானே இருந்துச்சி! உன் வூட்ட நீ வாங்கறதுக்கு என்னா?"

"குடுத்தப்ப என் கையால குடுத்தேன் கொளஞ்சி. இப்ப அவன் கையில இருந்து வருதுங்கறாங்க. அந்தக் கை எங்க இருக்குது? அத வாங்கித் திங்கற வாயி எனக்கு இல்ல."

வினோதினி அழுதாள். "அத்தை, பாதி உங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல." அவள் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானசேகரன் விடுதலைப் பத்திரம் என்றால் என்ன என்று விளக்கினார். பங்குள்ள ஒருத்தர் தன் பங்கு வேண்டாமென்று இன்னொரு பங்காளிக்கு விட்டுக்கொடுப்பது. எழுதிவிட்டால் அவளுக்கு அந்த வீட்டில் ஒரு செங்கல்கூட இல்லை. இதையும் இரண்டு தரம் சொன்னார். ரத்தினம்மாள் இரண்டு தரமும் தலையாட்டினாள்.

"அப்ப அந்த வரியையாவது இப்பப் போடறேன். ஆயுள் வரைக்கும் நீங்க குடியிருக்கலாம்னு. அது இல்லாம நான் எழுதமாட்டேன், வேற ஆளப் பாத்துக்குங்க."

"போட்டுக்கய்யா. இனிமே அந்த வாசல்ல யாரு பந்தக்கால் நடப்போறா?"

வினோதினியும் சம்மதித்தாள். 'மேற்படி வீடு முழுவதிலும் என் ஆயுள் பரியந்தம் நான் குடியிருந்துகொள்ளவும், அதை வினோதினியோ அவரிடமிருந்து பாத்தியம் அடைகிறவர்களோ தடை செய்யாதிருக்கவும்' என்று ஞானசேகரன் எழுதினார்.

அதன் பிறகு ரத்தினம்மாள் அந்த வீட்டில் தனியே இருந்தாள். வினோதினி மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த வருடம் பி.எட். சேரவேண்டும் என்றாள். அவள் அப்பா படுக்கையில் விழுந்துவிட்டார். 2010 புரட்டாசியில் ஒருநாள் வந்தவள் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"வீட்டப் பொன்னுரங்கம் அண்ணனுக்குக் குடுத்துட்டேன் அத்தை. வேற வழி தெரியல."

"சரி."

"அந்த வரி அப்படியே இருக்குது. பத்திரத்துல அதையும் எழுதித்தான் குடுத்திருக்கறேன். உங்கள யாரும் எழுப்ப முடியாது. உங்களுக்கு அப்புறம்தான் அவருக்கு..." வினோதினி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லு. ஞானசேகரன் ஐயா எல்லாத்தையும் படிச்சிக் காட்டியிருக்கறாரு. உள்ள வந்து காப்பி குடிச்சிட்டுப் போ."

பொன்னுரங்கம் பக்கத்து மனையில் கம்பி, சிமெண்டு, தகர ஷீட் விற்கும் கடை வைத்திருந்தார். கடை பெருத்துவிட்டது, குடோனுக்கு இடம் இல்லை. ரத்தினம்மாள் குடியிருக்கும் வீட்டை அவள் காலம் முடிகிற வரை காத்திருந்து எடுத்துக்கொள்வதாக வாங்கினால் சல்லிசாகக் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். ரத்தினம்மாளுக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. பிள்ளையை இழந்தவள், பாதி நாள் அடுப்பு மூட்டுவதில்லை. இதெல்லாம் பக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரியாதா?

அவர் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. வீடு வாங்கிய பின் முன்னைவிட மரியாதையாக நடந்துகொண்டார். காலையில் கடை திறந்ததும் மதிலுக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார்.

"அக்கா, எப்பிடி இருக்கற?"

"இருக்கறேன்பா."

"மாத்திரையெல்லாம் சாப்புடறியா?"

"சாப்புடறேன்."

"கால்ல வீக்கம் இருந்துச்சே, கொறைஞ்சிச்சா?"

முதல் சில மாதம் அவள் இதை அக்கறை என்றே எடுத்துக்கொண்டாள். ஒருநாள் அவளுக்கு மயக்கம் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பொன்னுரங்கம்தான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து, "பயப்பட ஒண்ணும் இல்ல, பாட்டி இன்னும் பத்து வருஷம் நல்லா இருக்கும்" என்றார். ரத்தினம்மாள் யதேச்சையாகத் திரும்பிப் பொன்னுரங்கத்தைப் பார்த்தாள். அவர் உடனே சிரித்துவிட்டார். ஆனால் சிரிப்பதற்கு முந்திய முகத்தை அவள் பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கால் வீங்கினால் சேலையைத் தழையக் கட்டிக்கொண்டாள். இருமல் வந்தால் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருமினாள். பொன்னுரங்கம் கடைக்கு வருவதற்குள் வாசல் கதவைத் திறந்துவைத்துவிட வேண்டும் என்பது ஒரு வேலையாகிவிட்டது. உடம்பு முடியாத நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாவது திறப்பாள். திறந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

கொளஞ்சி இதைக் கவனித்துவிட்டாள்.

"நீ தும்முனா போதும்கா, அவன் டேப்பு எடுத்துக்கினு வந்து செவுத்த அளப்பான்."

"மெதுவாப் பேசு, காதுல விழப்போவுது."

"விழட்டும். நேத்து ரெண்டு ஆளுங்கள கூட்டியாந்து வெளிய நின்னு காட்டிக்கினு இருந்தான். இங்க ஷட்டரு, இங்க லாரி திரும்பற எடம்னு. நீ உள்ள உக்காந்து முறுக்கு தின்னுக்கினு இருக்கற, உன் மேலயே லாரி ஏத்தறான்."

ரத்தினம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபின் சொன்னாள்.

"அன்னைக்கு அந்தப் பேச்சே வேணாம்னு கையெழுத்துப் போட்டேன் கொளஞ்சி. இன்னைக்கு என் வாசல்ல தெனம் அந்தப் பேச்சுதான். யாரும் வாயத் திறந்து சொல்றதில்ல, அவ்ளோதான்."

2011 டிசம்பர் கடைசியில் 'தானே' புயல் வந்தது. விடியும் நேரத்தில் கடலூரைப் பிடித்து உலுக்கியது. ரத்தினம்மாள் கூடத்தில் படுத்திருந்தாள். ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. சமையலறைக்குள் போய்விடலாம் என்று எழுந்தவள், அங்கே கால் வைத்ததும் பின்பக்கத்துத் தென்னை கூரைமேல் விழுந்தது. நடு உத்தரம் முறிந்து இறங்கி, சமையலறை வாசலை அடைத்துக்கொண்டது. அவள் உள்ளே சுவரோடு ஒண்டிக்கொண்டாள். ஒரு கால் ஓட்டுக் குவியலுக்கு அடியில் இருந்தது. வலித்தது, ஆனால் விரலை அசைக்க முடிந்தது. மேலே கூரை இல்லை. மழை நேராக முகத்தில் விழுந்தது.

காற்று அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதன் பிறகு தெருவில் சத்தமே இல்லை. காக்கை குருவி சத்தம்கூட இல்லை. யாராவது வருவார்கள் என்று அவள் காத்திருந்தாள். கடைசியில் காலடிச் சத்தம் கேட்டது. உடைந்த ஓட்டின்மேல் யாரோ பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வருகிறார்கள். சத்தம் கூடத்துக்குள் வந்து நின்றது.

"அக்கா."

பொன்னுரங்கத்தின் குரல். தூங்குகிறவர்களைக் கூப்பிடுவதுபோலத் தணிந்த குரல். ரத்தினம்மாள் வாயைத் திறந்தாள். குளிரில் தாடை இறுகிப்போயிருந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டதும் பதில் சொல்லிவிடலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் இன்னொரு முறை கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். உத்தரத்தைக் காலால் தள்ளிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு காலடிகள் வந்த வழியே போயின. வந்ததைவிட வேகமாகப் போயின.

ரத்தினம்மாள் தரையில் தடவினாள். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் அகப்பட்டது. சுவரில் தட்ட ஆரம்பித்தாள். எவ்வளவு நேரம் தட்டினாள் என்று தெரியாது. டம்ளர் நெளிந்துபோனது.

"யக்கா! யக்கோவ்! அடியே ரத்தினம்மா, இருக்கறியா செத்தியா, சொல்லித் தொலைடீ!"

கொளஞ்சி தெருவே எழுந்துகொள்ளும்படி கத்தினாள். அவள் குடிசை மொத்தமாகப் போய்விட்டது. கட்டிய சேலையோடு, விழுந்த மரங்களில் ஏறி இறங்கி வந்திருக்கிறாள். டம்ளர் சத்தத்தைக் கேட்டு நாலு பேரைக் கூப்பிட்டாள். கடப்பாரை பொன்னுரங்கத்தின் கடையிலிருந்துதான் வந்தது. கடப்பாரையோடு அவரும் வந்தார். உத்தரத்தை அவரும் சேர்ந்துதான் தூக்கினார்.

ரத்தினம்மாளை வெளியே தூக்கிவந்து உட்காரவைத்தார்கள். காலில் தோல் உரிந்திருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை. பொன்னுரங்கம் எதிரில் குந்தினார்.

"காலையிலயே வந்து கூப்ட்டேன்கா. பதிலே இல்ல. நீ எங்கயோ பள்ளிக்கூடத்துப் பக்கம் போயிட்டன்னு நெனச்சேன்."

"கேட்டுச்சிப்பா" என்றாள் ரத்தினம்மாள். "ஒரு தடவதான் கூப்ட்ட."

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். சுற்றி நின்றவர்களுக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது. கொளஞ்சி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்கு முன்பு ஞானசேகரன் தேடிக்கொண்டு வந்தார். அதுவரை பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ரத்தினம்மாள்தான் இடிந்த வீட்டுக்கு வரச்சொல்லி அனுப்பியிருந்தாள். வினோதினியும் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தாள். பொன்னுரங்கம் மதிலருகே நின்றார். ஊரெல்லாம் கூரைக்கு அலைந்த சமயம். அவர் கடை வாசலில் தகர ஷீட் வாங்க வரிசை நின்றது. அடுக்கி வைத்திருந்த ஷீட்டுகளின் பளபளப்பு மதிலுக்கு மேல் தெரிந்தது.

"அந்த வரிய இன்னொரு தடவ படிச்சிச் சொல்லு ஐயா. கூரைய யாரு போடணும்?"

ஞானசேகரன் படிக்கத் தேவையில்லை. ஆனாலும் எடுத்துப் படித்தார். "குடியிருக்கற உரிமை உங்களுக்கு இருக்குதும்மா. வீடு இடிஞ்சா கட்டித் தரணும்னு இதுல இல்ல. அத நாம எழுதல."

"அவரு கட்டலன்னா?"

"கேக்க முடியாது."

பொன்னுரங்கம் மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்தே பேசினார். "நான் ஒண்ணும் போன்னு சொல்லலியே. இந்தக் காலோட இங்க எப்பிடி இருப்ப? மருமக வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டு வாக்கா. ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டா எனக்கும் வேல ஆரம்பிக்கத் தோதா இருக்கும்."

"வாங்க அத்தை" என்றாள் வினோதினி. "எங்கூட வந்துடுங்க. ரெண்டு பேரும் இருப்போம்." அவள் மனதாரத்தான் கூப்பிட்டாள். ரத்தினம்மாளுக்கு அது தெரிந்தது.

"நீ படிச்சி முடி. வேலைக்குப் போ. உன் வாசல்ல இன்னொரு தரம் பந்தக்கால் நடணும். நான் அங்க வேணாம்" என்றாள். பிறகு ஞானசேகரனைப் பார்த்தாள். "நான் எழுதிக் குடுக்காத வரைக்கும் இந்த வரி செல்லும்தானே?"

"செல்லும்மா."

"அது போதும்."

நிவாரணத்தில் கொடுத்த தார்ப்பாயை வினோதினியும் கொளஞ்சியும் சேர்ந்து கூடத்து மூலையில் கட்டினார்கள். அது படுக்கத்தான் போதும். சமையலறைக்கு மேலே வானம்தான். மாலையில் வினோதினி பஸ் ஏறினாள்.

மறுநாள் காலையில் ரத்தினம்மாளுக்குக் காய்ச்சல். திறந்துவைக்க வாசல் கதவும் இல்லை, அது தென்னையோடு போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். விழுந்த மரத்தின் காய்ந்த மட்டைகளை ஒடித்து அடுப்பில் வைத்து மூட்டினாள். போடுவதற்கு அரிசி இருக்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. பொன்னுரங்கம் கடையின் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. ரத்தினம்மாள் குனிந்து, இருமலை அடக்கிக்கொண்டு, ஊதினாள். கூரை இல்லாததால் புகை எங்கும் சுற்றாமல் நேராக மதிலுக்கு மேலே எழுந்தது.